எதிர்ப்பாற்றல் ஒடுக்கி: சொல்லுக்குள் ‘நோய்’ எதற்கு?

அத்தைக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் வீங்கி, காலையில் காபி டம்ளரைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மீத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். கூடவே யாரோ கொடுத்த தமிழ்க் குறிப்புத்தாள். அதில் ‘நோய் எதிர்ப்பு மருந்து’ என்று அச்சாகியிருக்கிறது. பேரனுக்குச் சளி பிடித்த அன்று அத்தை டப்பாவைத் திறந்துவிட்டு, “இதுல பாதி குடுக்கலாமா? எதிர்ப்பு சக்தி வரும்ல?” என்றார். கேட்டதால் தப்பித்தோம்.

போன வாரம் அதே சொல் ஒரு செய்தித் தலைப்பில் வந்தது: எலிகளின் மூட்டுவலியைப் போக்கிய நோய் எதிர்ப்பு மருந்தாம். மூலத்தில் இருந்தது ‘இம்யூனோசப்ரசன்ட்’. அத்தையின் மாத்திரையும் அந்த வகைதான். எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து, தமிழுக்கு வந்ததும் எதிர்ப்பைக் கொடுக்கிற மருந்தாகிவிட்டது. இது பிழைகூட இல்லை, நேர் எதிர்ப்பொருள்.

‘இம்யூனிஸ்’ லத்தீன் சொல். வரியிலிருந்தும் ஊர்ப்பணியிலிருந்தும் விலக்குப் பெற்றவன் என்று பொருள். ‘சப்ரஸ்’ என்றால் கீழே அழுத்துவது. மூலச்சொல்லில் நோய் என்ற பேச்சே இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கொஞ்சம் கவனமாக எழுதுகிறவர்கள் ‘நோயெதிர்ப்பு ஒடுக்கி’ என்கிறார்கள். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த ‘நோய்’ இடிக்கிறது. நோயை எதிர்ப்பதை எதற்காக ஒடுக்க வேண்டும்? படிக்கிறவருக்கு இது மருந்தா விஷமா என்றே சந்தேகம் வரும்.

எலிச் சோதனையைப் பார்த்தால் தெளிவாகும். 1977-இல் வந்த முறை ஒன்று உண்டு. குருத்தெலும்பில் இருக்கும் இரண்டாம் வகைக் கொலாஜன் புரதத்தை எண்ணெயோடு குழைத்து எலிக்கு ஊசியாகப் போடுவார்கள். உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. எலியின் உடல் அந்தப் புரதத்தைப் பகையாகக் கருதி, பிறகு தன் சொந்த மூட்டையே தாக்கும். சில வாரங்களில் பின்னங்கால் சிவந்து, பாதம் தடித்துவிடும். இங்கே எதிர்க்க வேண்டிய நோய் எங்கே இருக்கிறது? எதிர்ப்பேதான் நோய்! சைக்ளோஸ்போரின் என்ற பூஞ்சைப் பொருளைப் பற்றி 1976-இல் போரெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட கட்டுரையிலேயே எலிகளின் மூட்டழற்சி வருகிறது. அம்மருந்து, உடலின் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் கிளர்ந்தெழுவதைத் தடுக்கிறது, அதனால் மூட்டு பிழைக்கிறது.

இன்னொரு போட்டிச் சொல் ‘தடுப்பாற்றலடக்கி’. தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. ‘தடுப்பு’ என்றதும் நம் மக்களுக்குத் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். அப்புறம் ‘அடக்கி’. மூச்சை அடக்குகிறோம், சிரிப்பை அடக்குகிறோம். அடக்கியது உள்ளே அதே வேகத்தோடு இருக்கும், பிடியை மட்டும் இறுக்கி வைத்திருக்கிறோம். ஒடுக்குவது அப்படி அல்ல, அங்கே பொருளே சுருங்குகிறது. கீழே விழுந்த சொம்பில் ஒடுக்கு விழுகிறது, காய்ச்சலில் கிடந்தவர் கன்னம் ஒடுங்குகிறது. இந்த மருந்துகள் செய்வது இதைத்தான்.

ஆகவே என் தேர்வு ‘எதிர்ப்பாற்றல் ஒடுக்கி’. ‘எதிர்ப்பு சக்தி’ என்ற பேச்சு கொரோனாக் காலத்திலிருந்து கபசுரக் குடிநீரோடு சேர்ந்து எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மக்கள் ஏற்கெனவே ‘நோய்’ என்பதை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். மருந்துக்கு மசியாத கிருமிக்கும் எதிர்ப்பாற்றல் என்கிறோமே என்று கேட்பீர்கள். அது கிருமியுடையது, இது உடலுடையது. வாக்கியத்தில் இடம் பார்த்தாலே தெரியும். உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் ‘நிர்ப்பீடனம்’ துல்லியமான சொல்தான், ஆனால் அத்தைக்கு அதற்கும் ஒரு விளக்கம் தேவைப்படும்.

அந்த எலிச் செய்தியில் இன்னொரு கோளாறும் உண்டு. இதே மருந்தை உள்ளே ‘வலி நிவாரணி’ என்றும் எழுதியிருந்தார்கள். ஐபுப்ரோஃபென் வலி நிவாரணி, சில மணி நேரத்தில் வேலை தெரியும். மீத்தோட்ரெக்சேட் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அழற்சி தணிந்த பின்தான் வலி குறையும். ஆய்வகத்திலும் இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். எலியின் பாதத்தை நீர்க்குழாயில் முக்கி, எவ்வளவு நீர் உயர்கிறது என்று பார்ப்பது வீக்கத்துக்கு. உள்ளங்காலை மெல்லிய இழையால் அழுத்தி, எந்த அழுத்தத்தில் காலை இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது வலிக்கு. எலி வாய் திறந்து சொல்லாததை இப்படிப் பாடுபட்டுப் பிரித்தறிகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் இரண்டையும் ‘மூட்டுவலி’ என்று குழைத்துவிடுகிறார். மூட்டழற்சி என்று எழுத என்ன தடை? அகராதியைப் புரட்டும் இரண்டு நிமிடச் சோம்பல், வேறொருவர் வீட்டில் மாத்திரை டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அத்தையின் டப்பாவில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி எழுதிக் கொடுத்தேன்: ‘எதிர்ப்பாற்றல் ஒடுக்கி. ஞாயிறு மட்டும்.’ கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“ஒடுக்குதுன்னா, எனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட உடனே சொல்லணும், இல்ல?”