மழைக் கவிதையில் ஒரே வரி மூன்று முறை வந்தால்

ஐப்பசி பிறந்தால் போதும், என் மேசைக்கு மழைக் கவிதைகள் வர ஆரம்பித்துவிடும். சிற்றிதழ் ஒன்றின் கவிதைப் பக்கத்தைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன், அவ்வப்போது பட்டறையும் நடத்துகிறேன். வருகிற மழைக் கவிதைகளில் நிறைய, ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்பவை: 'மழையே வா' என்று ஒவ்வொரு பத்தியும் முடியும், நான்காவது பத்திக்கு வரும்போது என் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். படிக்கிறவர் தாண்டிப் போகிற வரி இருந்தும் இல்லாததுதான்.

கொடும்பாவி கட்டி இழுத்து மழைக்கு அழுத ஊர்களில் ஒரே அடியை எத்தனை முறை பாடினாலும் அலுக்காது, ஏனென்றால் ஒருத்தி சொல்ல ஊரே வாங்கிப் பாடும். தாளில் அந்தக் கூட்டம் கிடையாது. அங்கே வரி திரும்பி வந்தால் வேறு ஏதாவது கொண்டுவர வேண்டும். தண்டியலங்காரம் மடக்கு என்ற அணியைச் சொல்லும்போது, எழுத்துக் கூட்டம் மறுபடி வந்து வேறு பொருள் தந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் என்கிறது. அது சொல்விளையாட்டுக்கான இலக்கணம், சரி, ஆனாலும் நான் பட்டறையில் முதலில் சொல்வது இதைத்தான்.

பழக ட்ரியோலெட் நல்ல வடிவம். பிரெஞ்சில் பிறந்தது, எட்டே வரி. முதல் வரி நான்கிலும் ஏழிலும் அப்படியே திரும்பும், இரண்டாம் வரி எட்டில் திரும்பும், ஆக புதிதாக எழுத வேண்டியது ஐந்து வரிதான். சுலபம் என்று நினைத்து நானும் ஒன்று எழுதப் போய் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன்.

முதலில் எழுதியது 'மழையே, நீ ஏன் அழுகிறாய்?' வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை மூன்று முறை கேட்டாலும் மழை பதில் சொல்லப் போவதில்லை. அடித்துவிட்டு 'மழை நின்ற பிறகும் கூரை ஒழுகுகிறது' என்று எழுதினேன். பரவாயில்லை, கண்ணால் பார்த்த விஷயம். ஆனால் எங்கே வைத்தாலும் கூரைதான் ஒழுகியது, வேறு எதுவும் உள்ளே வர இடமில்லை.

அப்புறம்தான் 'கூரை'யை எடுத்துப் பார்த்தேன். தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்குமே! எது என்பதை முந்தைய வரி சொல்லிக்கொள்ளும். ஆனால் ஒரு சிக்கல்: கூரை ஒழுகும், குடம் ஒழுகும், கொடியில் கிடக்கும் துணி ஒழுகாது, சொட்டும். ஓட்டுக்கும் துணிக்கும் பொதுவாக ஒரு வினை வேண்டுமென்றால் 'சொட்டுகிறது'தான். 'நின்ற' என்பதையும் 'விட்ட' என்று மாற்றினேன், வீட்டில் யாரும் மழை நின்றதா என்று கேட்பதில்லை, விட்டாச்சா என்றுதான் கேட்கிறோம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற பழமொழியும் அந்த ஒரு சொல்லோடு வந்து ஒட்டிக்கொண்டது.

மழை விட்ட பிறகும் சொட்டுகிறது
குண்டானை நகர்த்தி வைக்கிறாள் அம்மா
மூன்றாம் வரிசையில் கீறல் விழுந்த ஓடு
மழை விட்ட பிறகும் சொட்டுகிறது
தாழ்வாரக் கொடியில் அப்பாவின் சட்டை
நேற்றுத் துவைத்தது, போட ஆளில்லை
மழை விட்ட பிறகும் சொட்டுகிறது
குண்டானை நகர்த்தி வைக்கிறாள் அம்மா

திரும்பி வந்த வரியில் ஓரெழுத்துகூட மாறவில்லை. முதலில் எது சொட்டுகிறது என்றே தெரியாது, நான்கில் ஓடு, ஏழில் சட்டை. குண்டான் கடைசியில் எதன் அடிக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. சிலர் அலுப்புத் தட்டி, திரும்பும் வரியையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுவார்கள், எனக்கு அது பிடிக்காது. மாற்ற வேண்டியது அதற்கு முந்தைய வரியை. சந்தேகமாக இருந்தால் திரும்பும் வரியை விரலால் மூடிக்கொண்டு மீதியைப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை, அனுப்பாதீர்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது பட்டறைக்கு வந்திருந்த ஓர் அக்கா, "ஏன் சார், நேத்துத் துவைச்ச சட்டை இன்னுமா சொட்டும்?" என்று கேட்டுவிட்டார். துணி துவைக்கிறவருக்குத்தானே அது தெரியும். ஆறாம் வரியை 'இன்றைக்கும் துவைத்தாள், போட ஆளில்லை' என்று திருத்தினேன். ஒரே ஒரு 'உம்', ஆனால் அம்மா அந்தச் சட்டையைத் தினமும் துவைக்கிறாள் என்பது அதில்தான் வந்தது. இப்போது 'போட ஆளில்லை' கூடுதலோ என்று தோன்றுகிறது. அதை எடுத்துவிட்டால் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று படித்துவிடுவார்களோ என்றும் தோன்றுகிறது. பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன்.