வெடிக்காத துப்பாக்கியில் மருந்தைக் கூட்டாதீர்கள்

மழைக்காலம் வந்துவிட்டால் ஏற்காட்டுப் பக்கமிருந்து, துப்பாக்கி பழுது பார்க்கும் என் பட்டறைக்கு வரும் புகார் ஒன்றுதான்: "கேப்பு மட்டும் பட்டுனு போகுதுங்க, மருந்து செத்துப்போச்சு." கேப்பு என்பது, சுத்தியல் அடித்ததும் பொறி தந்து குழலுக்குள் இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. சரி, அப்புறம் என்ன செய்தீர்கள் என்றால், "இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுக் கெட்டிச்சேன்." குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இறுக்கிக் கெட்டிப்பதுதான் நாட்டுத் துப்பாக்கி. போன வாரம் வந்த ஒன்றின் குழலில் மருந்து, ஈயக்குண்டு, அதன்மேல் மறுபடி மருந்து, மறுபடி குண்டு! அது பிடித்திருந்தால் குழல் பிளந்து இடது கை போயிருக்கும்.

கேப்பு வெடித்தும் குழலில் மருந்து வெடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் நெருப்பு மருந்துவரை போய்ச் சேரவில்லை. கேப்பை மாட்டும் மூக்கான நிப்பிளில் இருப்பது ஊசித்துளை. அதைப் பழைய கசடு அடைத்திருக்கும். இல்லாவிட்டால் துரு பிடிக்கக் கூடாதென்று நீங்கள் தாராளமாக ஊற்றிய எண்ணெய். துப்பாக்கியைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் அந்த எண்ணெய் முழுக்க இறங்கி, மருந்து உட்காரும் இடத்திலேயே தேங்கும். மருந்தைக் கூட்டினால் நெருப்புக்கு வழி பிறந்துவிடுமா?

மருந்து நமத்துப்போவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சுட்டபின் குழலில் ஒட்டும் கசடு ஈரத்தை இழுக்கும். சேர்வராயன் மலைப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு காலிக் குழலின் வாயைத் தரையில் கிடக்கும் காய்ந்த சருகுக்குக் கிட்டே பிடித்து, வெறும் கேப்பை வெடியுங்கள். சருகு துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் அடைப்பு, மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள்.

கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: காலிக் குழலில் எதுவரை இறங்குகிறது, சரியாகக் கெட்டித்தபின் எதுவரை. உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கிறதா என்பதை அந்தக் கோடே காட்டிவிடும். குண்டு மருந்தின்மேல் படிந்து உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடமாவது அப்படியே நில்லுங்கள். சில நேரம் மருந்து தாமதித்துப் பிடிக்கும். குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். நேரமானபின் புதுக் கேப்பு வைத்து அதே பக்கம் சுடுங்கள். கெட்டித்த துப்பாக்கியை அடுப்போரம் வைத்துக் காயவைக்கிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமையில்லை.

இன்னொன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் தருவது பயிரைக் காப்பதற்குத்தான். அதை வைத்துக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும், லேத் பட்டறையில் கொடுத்து நிப்பிள் கடையாதீர்கள்.

கெட்டித்த துப்பாக்கியோடு பஸ் ஏறி என்னிடம் வரவும் வேண்டாம். எவ்வளவு செய்தும் வெடிக்கவில்லை என்றால் கேப்பை எடுத்துவிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, போன் செய்யுங்கள். நானே மலையேறி வருகிறேன்.