பனிக்குள்ள காது சொல்ற பொய்

ஹப்புத்தளையிலருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, "அண்ணே, பனி மூடிட்டா பைலட்டுக்கு மலை தெரியாது, அது விளங்குது, ஆனா தன் பிளேன் சாயுறது கூடவா தெரியாது?" 2020 ஜனவரி 3ந் தேதி விமானப்படையோட சின்ன பிளேன் விழுந்து 4 பேர் போன ஊரு, கேள்வி வரத்தான் செய்யும். அந்த விபத்த பத்தி இல்ல, பொதுவா சொல்றேன். தெரியாது தம்பி, நெசமாவே தெரியாது.

காதுக்குள்ள 3 அரைவட்டக் குழாய், அதுக்குள்ள திரவம், இதெல்லாம் ஓ லெவலுக்கு படிச்சதுதான். அது எப்படி ஏமாறுதுன்னு பாக்க ஒரு கப்புல பிளேன்டீ ஊத்தி மேல ஒரு தேயிலைத் துணுக்க மிதக்க விடுங்க. கப்ப மெதுவா திருப்புங்க. கப்பு திரும்பும், துணுக்கு இருந்த எடத்துலயே நிக்கும். காதுலயும் இதேதான், தலை திரும்புறப்போ திரவம் பின்தங்கிடும், குழாய்க்குள்ள இருக்குற ஜெலி மாதிரி தடுப்பு ஒன்னு அதுல வளையும், அந்த வளைவதான் மூளை "திரும்புறோம்"னு படிக்குது. இப்ப கப்ப ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல டீயும் கூடவே சுத்த ஆரம்பிச்சிரும். காதுல அதுக்கு 10, 20 செக்கன் போதும். தடுப்பு நிமிர்ந்துரும், மூளை "நேரா போறோம்"னு நம்பிரும், பிளேன் சுத்திக்கிட்டே இருக்கும்! அதுவும் செக்கனுக்கு 2 பாகைக்கு கம்மியா மெதுவா திரும்ப ஆரம்பிச்சா முதல்லயே தெரியாது.

ஒடம்பும் காட்டிக்குடுக்காது. ஒழுங்கா சாஞ்சு வளையுற பிளேன்ல மடியில வச்ச டீ சிந்தாது, பாரம் நேரா சீட்டுக்குள்ளதான் அழுத்தும். அப்புறம் மூக்கு தாழும், வேகம் கூடும், பைலட் சாஞ்சிருக்கறது தெரியாம கன்ட்ரோல இழுப்பாரு, வளைவு இன்னும் இறுகும், பிளேன் சுருண்டுக்கிட்டே கீழ போகும்.

1954ல அமெரிக்காவுல இலினாய்ஸ் பல்கலைக்கழகத்துல, கருவிய மட்டும் பாத்து ஓட்டப் பழகாத 20 பேர வச்சு வெளிய தெரியாம மறைச்சு ஓட்டவிட்டாங்க. 20 பேருமே கட்டுப்பாட்ட இழந்தாங்க, சராசரியா 178 செக்கன்ல. மூணு நிமிசம் கூட இல்ல.

எங்க அப்பாயி 1974 டிசம்பர் 4ந் தேதி மஸ்கெலியா பக்கம் ஏழு கன்னியர் மலையில ஒரு பிளேன் மோதி 191 பேர் செத்தத "மலை காவு வாங்கிருச்சு"ன்னுதான் சொல்லும். அது பெரிய பிளேன், ராத்திரி நேரம், தாங்க இருக்குற எடத்த தப்பா கணிச்சு கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு எறங்க ஆரம்பிச்சிட்டாங்க. மலை மேல பழிய போட்டா அடுத்த பைலட்டுக்கு என்ன கத்துக்குடுப்போம்? பூசைக்கு செலவழிக்கிற காச பயிற்சிக்கு குடுக்கணும்னு எனக்கு ஆதங்கமா இருக்கு.

அதே இலினாய்ஸ் ஆளுங்க வழியும் கண்டுபிடிச்சாங்க. பனிக்குள்ள மாட்டிட்டா கன்ட்ரோலருந்து கைய எடுத்துரணும், கால் பெடலால மட்டும் திரும்பல் காட்டுற முள்ள நடுவுக்கு கொண்டுவரணும், நிதானமானதும் மெதுவா அரைவட்டம் திரும்பி வந்த பக்கமே வெளியேறணும். காது "தப்பு, தப்பு"ன்னு கத்தும், கண்ணு முள்ளுமேலயே இருக்கணும்.

நம்பலைன்னா சுத்துற கதிரையில கண்ண மூடி உக்காந்து பாருங்க. நான் உக்காந்து மகள ஒரே சீரா சுத்தச் சொன்னேன். அவ நிப்பாட்டினப்போ, "ஏம்மா இப்ப மறுபக்கம் சுத்துற?"ன்னு கேட்டேன். "அப்பா, நான் கையவே எடுத்துட்டேன்"னா.