எல்லா நாளுக்கும் 24 மணி நேரம் கிடையாது

இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கேட்டால், கழித்து, 24 மணி நேரத்துக்கான 86,400 நொடியால் வகுத்துவிடுவது பலருக்கும் பழக்கம். புரோகிராம் கோட் ரிவ்யூ செய்யும்போது அந்த எண் கண்ணில் பட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். இந்தியாவில் அந்தக் கணக்கு சரியாகவே வரும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பிறகு பழையபடி திருப்பும் டே லைட் சேவிங் உள்ள நாட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் உதைக்கும்.

2025 மார்ச் 9 ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் அன்று அதிகாலை 1:59க்கு அடுத்த நிமிடம் 3:00. அந்த நாளுக்கு மொத்தமே 23 மணி நேரம். 10ஆம் தேதி நள்ளிரவிலிருந்து 9ஆம் தேதி நள்ளிரவை ஜாவாஸ்கிரிப்டில் கழித்து, நாளாக மாற்றினால் 0.958 வரும். தசமத்தை வெட்டினால் பூஜ்யம். ஹோட்டலில் ஓர் இரவு தங்கியவருக்குப் பில்லே விழாது. நவம்பர் 2 அன்று நேர்மாறு: 25 மணி நேரம், 1:30 என்ற நேரம் இரண்டு தடவை வரும்.

என்னை அதிகம் உறுத்துவது சம்பளக் கணக்குதான். இரவு 11 மணிக்கு வேலைக்கு வந்து காலை 7 மணிக்குக் கிளம்பும் நர்ஸ், அந்த நவம்பர் இரவில் உண்மையில் 9 மணி நேரம் உழைத்திருப்பார். கடிகார நேரத்தை மட்டும் கழிக்கும் மென்பொருள் 8 என்று எழுதும். பைத்தானில் இது எளிதில் நடக்கும். ஒரே டைம் ஸோனில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்தால், அது டே லைட் சேவிங்கைக் கண்டுகொள்ளாது. இரண்டையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

ஒரு நாளைக் கூட்டுவதும் 24 மணி நேரத்தைக் கூட்டுவதும் வேறு வேறு. மார்ச் 8 காலை 10 மணியோடு ஒரு நாளைக் கூட்டினால் மறுநாள் 10 மணி; 24 மணி நேரத்தைக் கூட்டினால் மறுநாள் 11 மணி. ஜாவாவில் இரண்டுக்கும் தனித்தனி மெத்தட் இருக்கிறது. தினமும் காலை 7 மணி அலாரத்துக்கு முதலாவது பொருந்தும், 24 மணி நேரத்தில் காலாவதியாகும் பாஸுக்கு இரண்டாவது. எது வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள். புரோகிராமர் தானாக ஊகிக்கக் கூடாது.

‘எல்லாவற்றையும் யூடிசியில் சேமி’ என்ற அறிவுரை நடந்து முடிந்தவற்றுக்குச் சரி, வரப்போகும் சந்திப்புகளுக்குப் போதாது. அரசாங்கம் நேரத்தையே மாற்றிவிடலாம். இலங்கை 2006 ஏப்ரலில் யூடிசி +6இலிருந்து +5:30க்குத் திரும்பியது. அதற்கு முன்பே மே மாதத்துக்கு ஒருவர் காலை 10 மணி சந்திப்பைப் போட்டு, அது யூடிசியில் மட்டும் பதிவாகியிருந்தால், கொழும்பில் 9:30 என்று காட்டும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, டே லைட் சேவிங் மாற்றத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அதைத் தள்ளிவைத்தது. அப்புறம் சில நாட்களிலேயே அந்த முடிவைக் கைவிட்டது. அதனால் உள்ளூர் நேரத்தையும் ‘ஆசியா/கொழும்பு’ போன்ற ஸோன் பெயரையும் சேர்த்தே வையுங்கள். வெறும் ‘+5:30’ போதாது.

பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம், தேதியாகவே வையுங்கள். பிரேசில் 2019இல் கைவிடும் வரை, சாவோ பாவ்லோவில் டே லைட் சேவிங் நள்ளிரவில்தான் தொடங்கியது. அந்த நாளில் 00:00 என்ற நேரமே கிடையாது; தேதியோடு நள்ளிரவைச் சேர்த்து வைத்தால் சிக்கல்தான்.

சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும் நமக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. நம் லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடும், எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும். டெஸ்ட் ஓடும் சூழலின் டைம் ஸோனை நியூயார்க்குக்கு மாற்றி, மார்ச், நவம்பர் மாற்ற நாட்களை வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சர்வரில் உள்ள டைம் ஸோன் தரவு எந்த வருடத்துப் பதிப்பு என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். பழைய கன்டெய்னர் இமேஜை (புரோகிராமையும் அதற்கு வேண்டியவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதியை) அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்களில், மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இல் டே லைட் சேவிங்கை விட்ட செய்தி அந்தத் தரவுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.