குதிரை வாங்குமுன் கடைவாயைப் பாருங்கள்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியாப் பக்கம் சவாரிக்கு மட்டக்குதிரை வாங்க நினைப்பவர்கள் யோசனை கேட்டு வருவார்கள். சுழி பார்த்திருப்பார்கள், குளம்பு பார்த்திருப்பார்கள், உதட்டைத் தூக்கி முன்பல்லில் வயதும் பார்த்திருப்பார்கள். கடைவாயைப் பார்த்தவர் அபூர்வம்.

"மேல்பல் கொஞ்சம் முன்னுக்கு நிக்குது, அவ்வளவுதான் டொக்டர். அதுக்காக விலையும் குறைச்சுத்தான் தந்தாங்க" என்றார் ஒருவர், சந்தோஷமாக. மேல் முன்பற்கள் கிளி அலகைப் போலக் கீழ்ப்பற்களுக்கு முன்னால் தொங்கும் இந்த அமைப்பு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. முன்பல் அப்படி இருந்தால் உள்ளே கடைவாய்ப் பற்களும் பல நேரம் ஒன்றோடொன்று பொருந்தாது.

குதிரைப் பல் முளைத்ததோடு நிற்பதில்லை. ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பல்லோடு உரசி ஏறக்குறைய அதே அளவு தேயும். எதிரே பல் படாத இடம் மட்டும் தேயாமல் நீளும். மேல் வரிசையின் முதல் கடைவாய்ப் பல்லிலும் கீழ் வரிசையின் கடைசிப் பல்லிலும் கொக்கி விழுவது இப்படித்தான். அப்புறம் தாடையை முன்பின் அசைக்க முடியாது, எதிர் ஈறு புண்ணாகும், கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறும். முரட்டுக் குதிரை என்று பாவம் அடியும் வாங்கும்.

இனிச் செலவுக்கு வருவோம். நேரான வாய்க்கும் அராவல், அதாவது பல்லை அரத்தால் தேய்த்து மட்டமாக்குவது, தேவைதான். மேல்தாடை அகலம் என்பதால் பல்லோரங்கள் கூராகும். அதற்கு ஆண்டுக்கு ஒரு தடவை பொதுவாகப் போதும். பொருந்தாத வாய்க்கு 6 மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வயதில் வாங்கிய குதிரை இன்னும் 15 வருடம் இருந்தால், 15 தடவைக்குப் பதிலாக 30. ஒவ்வொன்றுக்கும் மயக்க ஊசி, வைத்தியர் கட்டணம், அவர் மலையேறி வரும் செலவு. நீண்ட கொக்கியை ஒரே நாளில் அராவித் தள்ளவும் கூடாது, பல்லின் உயிர்ச்சதை வெளியே வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வளர்ந்த குதிரைக்கு இந்தக் கோணல் வாயை நிரந்தரமாக நேராக்கவும் வழியில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம், சரி. காசு கொடுத்து வாங்குவதை ஏன் பார்க்கக்கூடாது? விற்பவர் ஊறவைத்த புண்ணாக்கும் தவிடும் வைத்துக் காட்டினால் எந்தக் குதிரையும் நன்றாகத்தான் தின்னும். நீளமான புல்லைப் போட்டுப் பாருங்கள். அரைகுறையாக மென்று உருண்டையாகத் துப்பினால், சாணத்தில் புல் நீளநீளமாகக் கிடந்தால், கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால் மேல்கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம். வாய்க்குள் நீங்களே கைவிட வேண்டாம். முற்பணம் கொடுக்குமுன் மிருக வைத்தியர் ஒருவர் வாய்திறப்பான் போட்டு, டோர்ச் அடித்துப் பார்க்கட்டும்.

இப்படிப்பட்ட குதிரையை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. லேசான கோணல் உள்ளவை ஒழுங்காகக் கவனித்தால் நன்றாகவே வேலை செய்யும். குறைத்துத் தந்த விலை எத்தனை அராவலுக்குக் காணும் என்று முதலில் வைத்தியரிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். வாங்குவது பெட்டை என்றால் குட்டி எடுக்க வேண்டாம். இந்த வாய் பரம்பரையாக வரக்கூடியது.