வருவாய்ப் பகிர்வை மானியம் என்னலாமா?

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்படும்போதெல்லாம் ‘மாநில நிதிக்குழு மானியம்’ என்ற தொடர் தவறாமல் காதில் விழுகிறது. அண்மையில் ஒரு கூட்டத்தில், தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட்ட பெண்மணிக்கு, ‘மானியம் இன்னும் வரவில்லையம்மா’ என்று விடை சொன்னார்கள். மாநில வரி வருவாயை உள்ளாட்சிகளோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் குழுவே மாநில நிதிக்குழு. அதன்படி வரும் பணத்துக்கு மானியம் என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது; வருவாய்ப் பகிர்வு என்பதே பொருந்தும்.

பகு என்னும் வேரிலிருந்து பகுதி, பகிர் ஆகியவை பிறந்தன. வருவாய் என்பது வரும் வழி. ஆகவே, ஓர் அரசு திரட்டும் வருவாயில் குறித்த பங்கை, குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு முதலிய பணிகளைச் சுமக்கும் உள்ளாட்சிகளுக்கு விதிப்படி பிரித்தளிப்பதே வருவாய்ப் பகிர்வு. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு இவ்வாறு ஊராட்சிகளுக்கும் நகர அமைப்புகளுக்கும் பிரிகிறது.

மானியமோ ‘மான்ய’ என்ற வடசொல்லின் வழி வந்தது. மதிப்புக்குரியது என்பது அதன் பொருள். கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை மானியம் என்றோம். இன்று உர மானியம், எரிவாயு மானியம் என்கிறோம். எல்லா வழக்கிலும் கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுக்கிறார், பெறுபவர் கைகட்டிப் பெறுகிறார் என்ற நிழல் உண்டு. வடசொல் என்பதால் நான் இதை மறுக்கவில்லை. பொருளைத் திரிப்பதால்தான் மறுக்கிறேன்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புச் சட்டத் திருத்தம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகிறது. மாநில நிதிக்குழு ஆராய வேண்டியவற்றுள் நிகர வரி வருவாயைப் பிரிப்பது ஓர் இனம்; மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து உதவி மானியம் வழங்குவது வேறோர் இனம். சட்டம் இரண்டாக வைத்ததை நம் அலுவலக வழக்கு ஒரே சொல்லுக்குள் திணித்துவிட்டது.

சட்டமன்றத்தில் ‘மானியக் கோரிக்கை’ என்கிறோமே என்று கேட்பவர் உண்டு. அது பணம் கருவூலத்தைவிட்டு வெளியேறும் வழிக்குரிய பெயர். பணத்தின் மேல் யாருக்கு உரிமை என்பதை அது சொல்வதில்லை. குழு பரிந்துரைக்கத்தான் செய்கிறது, அரசு ஏற்றால்தானே பணம் என்பது இன்னொரு வாதம். பகிர்வுக்குரிய ஒன்றிய வரி வருவாயில் 15ஆவது ஒன்றிய நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநிலங்களுக்கென வகுத்த 41 விழுக்காடும் பரிந்துரையாகத் தொடங்கியதுதான். அதை நம்மில் எவரும் மானியம் என்பதில்லை. ‘நமக்குரிய வரிப் பங்கு’ என்று உரிமைக் குரலில் கேட்கிறோம், அது சரியும்கூட. தில்லியிலிருந்து சென்னைக்கு வரும்போது பங்காக இருப்பது, சென்னையிலிருந்து சிற்றூருக்குப் போகும்போது மட்டும் மானியமாவது எந்த நியாயம்?

சிலர் ‘ஒதுக்கீடு’ என்கிறார்கள். திட்டத்துக்குப் பணம் வைப்பதற்கு அது நல்ல சொல்; ஆனால் ஒதுக்குபவர் மட்டுமே அதில் தெரிகிறார், பங்காளி தெரிவதில்லை. ‘வரிப் பகிர்வு’ இன்னும் துல்லியமானது. இங்கே பிரிபடுவது வரி வருவாய்தான் என்பதால் அதையும் ஏற்கலாம். உதவி மானியம் என்ற சொல்லை, உண்மையிலேயே தனியாகத் தரப்படும் உதவித் தொகைக்கு வைத்துக்கொள்வோம்.

சரியான சொல்லைத் தேர்ந்த பின்னும் சிலர் இடையில் வரும் ‘ப்’ என்னும் ஒற்றெழுத்தைத் தொலைக்கிறார்கள். ‘வருவாய் பகிர்வு’ என்று எழுதினால், வருவாய் என்பது ‘நீ வருவாய்’ என்ற வினைமுற்றாகவும் நிற்கக்கூடும். ‘ப்’ இட்டு எழுதினால்தான் அது வருவாயின் பகிர்வு என்று ஐயமின்றி விளங்கும்.