முதுகுத் தசையால் இதயத்துக்கு வலுவூட்ட முடியுமா?

"டாக்டர், முதுகுச் சதையை எடுத்து இதயத்தைச் சுத்தி வெச்சா பம்பிங் கூடுமாமே?" எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு) 25 சதவீதமாகக் குறைந்திருப்பதைப் பார்த்ததும் இணையத்தில் தேடிவிட்டு இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு.

அப்படியொரு அறுவை சிகிச்சை உண்மையிலேயே இருந்தது. பெயர் கார்டியோமயோபிளாஸ்டி. 1985இல் பாரிஸில் இதய அறுவை நிபுணர் அலன் கார்பான்டியே குழுவினர் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார்கள். அக்குளுக்குக் கீழே முதுகில் விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் டார்சை தசையை, அதன் நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல் பெயர்த்தெடுத்து, விலா எலும்பில் ஒரு துண்டை நீக்கி, அந்த வழியாக மார்புக்குள் கொண்டுபோய் இதயத்தைச் சுற்றிப் போர்த்துவார்கள். துடிப்போடு சேர்ந்து தசையும் சுருங்குவதற்கு பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவி.

முதுகுத் தசை சீக்கிரம் களைத்துப்போகும். இதயமோ நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதனால் புண் ஆற இரண்டு வாரம் விட்டு, பிறகு மின்தூண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தசையைப் பல வாரங்கள் பழக்கினார்கள். களைக்கும் இழைகள் களைக்காத இழைகளாகவே மாறின! படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பளிக்கும் விஷயம் இது. ஆனால் அந்த மாற்றத்தில் தசையின் வேகமும் வலுவும் குறைந்தன. மூச்சுத்திணறல் குறைந்ததாகப் பலர் சொன்னார்கள்; அளந்து பார்த்தால் பம்பிங் அதிகம் கூடவில்லை. இதயம் மேலும் வீங்காமல் அந்தப் போர்வை தடுத்ததே பெரும்பயன் என்று பின்னர் கருதப்பட்டது.

மிக மோசமான நிலையில் இருந்தவர்களால் இந்த அறுவையைத் தாங்க முடியவில்லை. தசை பழகும்வரை காத்திருக்கவும் அவர்களுக்கு அவகாசம் இல்லை. போதிய நோயாளிகள் சேராததால் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 1990களின் பிற்பகுதியில் பாதியில் நின்றது. வழக்கமான சிகிச்சையாக இன்று இதைச் செய்வதில்லை.

இன்று நம்மிடம் ஆயுளை நீட்டிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. தேவைப்படுவோருக்கு இதயத்தின் இரு பக்கமும் ஒருசேரத் துடிக்க உதவும் சிஆர்டி கருவி, செயற்கை பம்ப், மாற்று இதயம். ஆனால் கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, கால் வீங்கி, படுக்க முடியாமல் இரவில் உட்கார்ந்தே விழித்திருந்து திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். சில நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கென்று மெடிக்கல் கடையில் நீங்களே வலி மாத்திரை வாங்காதீர்கள். அவற்றில் பலவும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவிடும்.